வசூல், சாவி, வரி: வாசகர் கேள்வி - பதில்

ஐயா, போஸ்டரில் '100 கோடி வசூல்' என்று போடுகிறார்கள். அடுத்த வாரமே தயாரிப்பாளர் நஷ்டம் என்கிறார். இதில் யார் சொல்வது பொய்?
– வாசகர், மதுரை

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். போஸ்டரில் வருவது 'கிராஸ்', அதாவது டிக்கெட் வாங்கியவர்கள் கொடுத்த மொத்தப் பணம். தயாரிப்பாளர் பேசுவது தன் கைக்கு வந்த 'ஷேர்' பற்றி. நடுவில் வரி, தியேட்டர், விநியோகஸ்தர் என மூன்று இடங்களில் பணம் பிரிகிறது.

ஒரே ஒரு டிக்கெட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். வரி சேர்த்து விலை 177 ரூபாய். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ஆகவே 27 ரூபாய் அரசுக்குப் போகிறது. (நூறு ரூபாய் வரையுள்ள டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான், அதற்கு முன் 12.) தமிழ்நாட்டில் உள்ளாட்சிக் கேளிக்கை வரி தனி, கணக்கு எளிதாக இருக்க அதை விட்டுவிடுகிறேன். மிச்சம் 150 ரூபாய். தொழிலில் இதைத்தான் 'நெட்' என்பார்கள். இதைத் தியேட்டரும் விநியோகஸ்தரும் பிரித்துக்கொள்கிறார்கள். 2009-இல் ஹிந்தித் தயாரிப்பாளர்கள் இரண்டு மாதம் மல்டிபிளெக்ஸ்களுக்குப் புதுப்படம் தராமல் நிறுத்தி வைத்தபின் ஏற்பட்ட உடன்பாடு இது: விநியோகஸ்தருக்கு முதல் வாரம் 50 சதவீதம், இரண்டாம் வாரம் 42.5, மூன்றாம் வாரம் 37.5, அதன்பிறகு 30. தமிழ்நாட்டுத் தனித் திரையரங்குகளில் ஊருக்கு ஊர், படத்துக்குப் படம் பேச்சு மாறும். பெரிய நடிகரின் படம் என்றால் முதல் வாரச் சதவீதம் இன்னும் ஏறும். பாதி என்றே வைத்தால் 75 ரூபாய். விநியோகஸ்தர் 10 சதவீதக் கமிஷனுக்கு எடுத்திருந்தால் 7 ரூபாய் 50 காசு அவருக்கு. தயாரிப்பாளருக்குப் போய்ச் சேர்வது 67 ரூபாய் 50 காசு.

அதாவது 177-க்கு 67.50. இந்தக் கணக்குப்படி 100 கோடி கிராஸுக்குத் தயாரிப்பாளர் கையில் சுமார் 38 கோடி. கூட்டம் முதல் வாரத்தில் வராமல் மெல்ல மெல்ல வந்திருந்தால் அதுவும் குறையும். படத்தின் செலவு 60 கோடி என்றால் மீதியை ஓடிடி, சாட்டிலைட், ஆடியோ, ஹிந்தி டப்பிங் உரிமைகளில்தான் எடுத்தாக வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நஷ்டம் யாருக்கு என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. 'எம்.ஜி.' முறையில், அதாவது குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை கொடுத்து ஏரியாவை வாங்கியிருந்தால் தயாரிப்பாளர் பணத்தை முன்பே பார்த்துவிட்டார். படம் விழுந்தால் அடி விநியோகஸ்தருக்கு. 'அவுட்ரேட்'டாக, அதாவது ஒரே தொகைக்கு மொத்தமாக விற்றிருந்தால் படம் பிய்த்துக்கொண்டு ஓடினாலும் தயாரிப்பாளருக்கு மேற்கொண்டு ஒரு பைசா வராது. ஒரே படம் கோவையில் லாபம், 'டி.கே.' என்று சொல்லப்படும் திருநெல்வேலி-கன்னியாகுமரியில் நஷ்டம் என்று ஆவதும் இதனால்தான்; ஒவ்வொரு ஏரியாவும் வாங்கிய விலை வேறு. 'ஹிட்டா, இல்லையா' என்று கேட்பதைவிட 'யாருக்கு ஹிட்?' என்று கேட்டால் சரியான பதில் கிடைக்கும்.

வெளிநாட்டில் வசூல் எண்ணை யார் சரிபார்க்கிறார்கள்? இங்கே ஏன் ஆளுக்கொரு எண்?
– வாசகி, திருச்சி

இந்தியாவில் எல்லாத் தியேட்டர் எண்களையும் ஒரே இடத்தில் திரட்டி, பொதுமக்கள் பார்க்க வெளியிடும் அதிகாரபூர்வ அமைப்பு இல்லை. தயாரிப்பாளர் சொல்வது ஒன்று, டிராக்கர்கள் ஆன்லைன் முன்பதிவை வைத்து மதிப்பிடுவது ஒன்று. முன்பதிவுத் தளத்தில் ஓர் இருக்கை தேர்ந்தெடுக்க முடியாமல் இருந்தால் அது விற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. கவுன்டருக்கு ஒதுக்கியதாகவோ, ரசிகர் மன்றத்துக்குப் பிடித்து வைத்ததாகவோ இருக்கலாம். அதை எண்ணிக் கூட்டிப்போடும் எண் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

தென்கொரியாவில் அரசின் திரைப்படக் கவுன்சில் 'கோபிஸ்' என்ற வலையமைப்பை நடத்துகிறது. தியேட்டர்களின் டிக்கெட் விற்பனை அதில் நேராகப் பதிவாகிறது, யாரும் பார்க்கலாம். அங்கே வெற்றியைப் பணத்தில் சொல்வதில்லை, தலைகளில் சொல்கிறார்கள்: ஒரு கோடிப் பேர் பார்த்தால் அது பெரும் சாதனை. பிரான்ஸிலும் டிக்கெட் எண்ணிக்கைதான் கணக்கு. டிக்கெட் விலை ஏறினாலும் சாதனை தானாக உடையாது என்பது இதில் உள்ள நேர்மை. இங்கும் இந்த முறை வர வேண்டும். இருபது வருடத்துக்கு முந்தைய படத்தோடு இன்றைய படத்தை ரூபாயில் ஒப்பிடுவது படைத்தவர்களுக்கும் ரசிகர்களுக்கும் செய்யும் அநியாயம்.

அமெரிக்காவில் வார இறுதி என்றால் வெள்ளி முதல் ஞாயிறு வரை. வியாழன் மாலைக் காட்சிகளையும் வெள்ளிக்கிழமைக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியமே வெளியிடும் எண்ணில் ஞாயிறு இரவுக் காட்சிகள் வெறும் மதிப்பீடு. திங்கட்கிழமை வருவதே உண்மைக் கணக்கு. அவர்கள் 'உள்நாடு' என்று சொல்வதில் கனடாவும் அடக்கம்.

அமெரிக்காவில் தமிழ்ப் படத்தின் விமர்சனம் நமக்கு முதல் காட்சி ஓடுவதற்கு முன்பே எப்படி வந்துவிடுகிறது?
– வாசகர், கோவில்பட்டி

அங்கே வியாழன் மாலை பிரீமியர். நியூயார்க் பக்கம் கோடையில் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். அவர்களுடைய வியாழன் மாலை 4 மணி, நமக்கு வெள்ளி அதிகாலை 1.30. படம் மூன்று மணி நேரம் ஓடினாலும் 4.30-க்கு முடிந்துவிடும். தமிழ்நாட்டில் முதல் காட்சிக்கு அனுமதி காலை 9 மணிக்கு. இடையில் நாலரை மணி நேரம்! கேரளத்திலும் கர்நாடகத்திலும் காலை 6 மணிக்கே காட்சி தொடங்குவதால் எல்லைப்புற ரசிகர்கள் பாலக்காட்டுக்கு வண்டி ஏறுவதும் இதனால்தான்.

புதுப்படத்துக்குக் காலை 9 மணிக் காட்சிக்குப் போனோம். 'கேடிஎம் வரவில்லை' என்று 11 மணி வரை உட்கார வைத்து, பிறகு காட்சியே ரத்து என்றார்கள். கேடிஎம் என்றால் என்ன? ஏன் வராமல் போகிறது?
– வாசகர், சேலம்

கேடிஎம் என்பது படத்தின் பூட்டைத் திறக்கும் சாவி. இன்றைக்குத் தியேட்டருக்குப் பெட்டியில் பிலிம் ரீல் வருவதில்லை. ஹார்ட் டிஸ்க்கிலோ, சாட்டிலைட் அல்லது இணையம் வழியாகவோ 'டிசிபி' என்ற கோப்புத் தொகுப்பு வருகிறது. ஒரு முழுநீளப் படம் நூறு ஜிபியைத் தாண்டும், இருநூறையும் தொடும். ஆகவே வெளியீட்டுக்குச் சில நாள் முன்பே அது புரொஜெக்டர் அறையிலுள்ள சர்வரில் ஏற்றப்பட்டுவிடும். படம் அங்கேயே இருக்கிறது, ஆனால் பூட்டியிருக்கிறது. சாவியோ சில கேபி அளவே உள்ள சின்னக் கோப்பு. ஈமெயிலில் வரும், பென் டிரைவில் போட்டு சர்வரில் ஏற்றுவார்கள்.

அந்தச் சாவி மூன்று விஷயங்களோடு கட்டப்பட்டது. எந்தப் படத்தின் எந்த வடிவம், எந்தத் தியேட்டரின் எந்த சர்வர், எந்தத் தேதி எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. மூன்றில் ஒன்று பிசகினாலும் திறக்காது. நடைமுறையில் கோளாறு வருவதும் இந்த மூன்றில்தான். ரிலீஸுக்கு முந்தைய நாள் இயக்குநர் ஐந்து நிமிடம் வெட்டினால் அது புது வடிவம். பழைய சாவி செல்லாது, புதுச் சாவி வேண்டும். பழுதுபார்க்கும்போது சர்வரில் பூட்டைத் திறக்கும் பாகமான மீடியா பிளாக்கை மாற்றியிருந்தால் அதன் அடையாளச் சான்றிதழே மாறிவிடும். அந்தத் தகவலை விநியோக நிறுவனத்துக்குச் சொல்லாமல் விட்டால் வருவது பழைய சர்வருக்கான சாவி. வெளிநாட்டில் நேர மண்டலத்தைத் தவறாகக் குறித்துவிட்டால், மாலைக் காட்சிக்கான சாவி நள்ளிரவில் உயிர்பெறும். கவனமான ஆபரேட்டர் சாவியை முந்தைய இரவே ஏற்றி, செல்லுபடி நேரம், வடிவத்தின் பெயர் இரண்டையும் திரையில் சரிபார்த்து வைப்பார். 9 மணிக்குக் கூட்டத்தை உட்கார வைத்துவிட்டுப் பார்ப்பவருக்கு வழியே இல்லை.

ஆனால் தமிழ்நாட்டில் பெரும்பாலும் நடப்பது தொழில்நுட்பக் கோளாறு அல்ல, பணக் கோளாறு. படத்துக்கு வட்டிக்குக் கொடுத்த பைனான்சியரின் பாக்கி, முந்தைய படத்தின் நஷ்டத்துக்காக விநியோகஸ்தர் கேட்கும் தொகை, நடிகர்-தொழில்நுட்பக் கலைஞர் சம்பளம், உயர்நீதிமன்றத்தில் கடைசி வாரத்தில் வரும் தடை. இவை தீரும்வரை சாவியை விட மாட்டார்கள். பிலிம் காலத்தில் நெகட்டிவ் லேபில் இருக்கும். பைனான்சியர் 'லேப் லெட்டர்' வைத்திருப்பார், அவர் சம்மதிக்காமல் பிரின்ட் வெளியே வராது. அன்று லேப் செய்த காவலை இன்று இந்தச் சின்னக் கோப்பு செய்கிறது. இரவு முழுக்கப் பேச்சு நடந்து, கையெழுத்தாகி, சாவி கிளம்பும்போது மதியம் ஆகிவிடும்.

டிக்கெட் வாங்கியவர் செய்ய வேண்டியது: ஆன்லைனில் எடுத்திருந்தால், காட்சி ரத்து என்ற குறுஞ்செய்தி வரும்வரை நீங்களாக 'கேன்சல்' அழுத்த வேண்டாம். நீங்கள் ரத்து செய்தால் ரத்துக் கட்டணம் பிடிக்க இடமுண்டு. காட்சி ரத்தானால் அந்தப் பேச்சில்லை. கவுன்டரில் வாங்கியவர்கள் டிக்கெட்டைக் கிழிக்காமல் அதே நாளில் அதே கவுன்டரில் பணத்தைக் கேளுங்கள். 'அடுத்த காட்சிக்கு உட்காருங்கள்' என்றால், அந்தக் காட்சிக்கு உங்கள் இருக்கை எண்ணை டிக்கெட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்வார்த்தையில் உள்ளே போனால் சண்டையில் முடியும்.

வெளிநாட்டுப் படங்களுக்கு அமெரிக்க அதிபர் டிரம்ப் 100 சதவீத வரி என்றாரே, அது தமிழ்ப் படத்தைப் பாதிக்குமா?
– வாசகி, நியூஜெர்சி

2025 மே 4 அன்று முதலில் சொன்னார், செப்டம்பர் 29 அன்று மறுபடியும் சொன்னார். இரண்டு முறையும் எதன்மேல் வரி என்பதைச் சொல்லவில்லை. சிக்கலே அதில்தான் இருக்கிறது.

துறைமுகத்தில் இறங்கும் காருக்கு விலைச் சீட்டு உண்டு. அதில் நூறு சதவீதம் போடலாம். படம் இணையத்தில் வருகிறது. ஹார்ட் டிஸ்க்கில் வந்தால் டிஸ்க்கின் விலைக்கு வரியா? விநியோகஸ்தர் கொடுத்த உரிமைத் தொகைக்கா? டிக்கெட் வசூலுக்கா? மூன்றும் வேறு வேறு தொகைகள், வேறு வேறு சட்டங்கள். அமெரிக்காவில் அதிபருக்கு அவசரநிலைப் பொருளாதார அதிகாரம் தரும் சட்டத்தில், திரைப்படம், புத்தகம் போன்ற 'தகவல் சார்ந்த பொருள்'களைத் தொடக் கூடாது என்று 1988-இல் ஒரு திருத்தம் வந்தது. அந்த வழி அடைபட்டது. மின்னணு வழியாக வருபவற்றுக்குச் சுங்கம் விதிப்பதில்லை என்று உலக வர்த்தக அமைப்பு நாடுகள் 1998-இல் ஒப்புக்கொண்டு, 2024 வரை அடுத்தடுத்து நீட்டித்தும் வந்தன.

ஒருவேளை உரிமைத் தொகையின்மேல் வரி வந்தால் அடி முதலில் விழுவது உங்கள் ஊர் விநியோகஸ்தர்மேல். அவர் சென்னைக்குக் கொடுக்கும் எம்.ஜி. தொகையைக் குறைப்பார், அல்லது டிக்கெட் விலையை ஏற்றுவார். பெரிய நடிகர் படம் எப்படியும் வந்துவிடும். மூன்று லட்சம், நான்கு லட்சம் டாலருக்கு ஓடும் நடுத்தரப் படங்கள் வராமலே போய்விடும் என்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். அறிவிப்புச் செய்தியைப் பார்த்துப் பதற வேண்டாம். 'எந்தச் சட்டப் பிரிவின்கீழ், எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தொகைமீது' என்ற மூன்றும் அரசு ஆணையில் வருகிறதா என்று பாருங்கள்.

சீனாவில் ஓடும் நம் படங்களின் வசூல் முழுக்க நமக்கு வருமா?
– வாசகர், ஈரோடு

வராது. வருவாய்ப் பங்கீட்டு முறையில் போகும் வெளிநாட்டுப் படத்துக்கு 25 சதவீதம்தான். 2012-இல் அமெரிக்காவோடு செய்த உடன்பாட்டில் 13-இலிருந்து 25-க்கு ஏறியது. ஆண்டுக்கு 34 படங்கள் என்ற அளவும் அப்போது வந்தது. இன்னொரு முறை, ஒரே தொகைக்கு வாங்கிவிடுவது. அதில் படம் எவ்வளவு ஓடினாலும் நமக்குக் கூடுதலாக எதுவும் இல்லை. 2024 நவம்பர் 29 அன்று அங்கே வெளியான 'மகாராஜா' போன்ற படத்தின் சீன வசூலைத் தமிழ்நாட்டு வசூலோடு கூட்டி 'உலக வசூல்' என்று போடும்போது, ஒரு ரூபாயில் 38 காசு வரும் பணத்தையும் 25 காசோ அதற்கும் குறைவோ வரும் பணத்தையும் ஒன்றாகக் கலக்கிறார்கள்.

உலக வசூல் என்ற சொல்லே மயக்கும். 2025 ஜனவரியில் வந்த சீன அனிமேஷன் படம் 'நே ஜா 2' 200 கோடி டாலரைத் தாண்டியது; மிகப் பெரும்பகுதி சீனா என்ற ஒரே நாட்டில். அதே ஆண்டு ஏப்ரலில், வரிச் சண்டையின் நடுவே, அமெரிக்கப் படங்களின் எண்ணிக்கையைக் குறைக்கப்போவதாகச் சீனா அறிவித்தது. தன் சொந்தப் படத்துக்கே அவ்வளவு கூட்டம் வருகிறது என்ற தெம்பு அதற்குப் பின்னால் இருக்கிறது.

நெட்பிளிக்ஸில் 'ஒரு கோடி வியூஸ்', யூடியூபில் 'ஒரு கோடி வியூஸ்'. இரண்டும் ஒன்றா?
– வாசகி, கோலாலம்பூர்

ஒன்றே அல்ல. நெட்பிளிக்ஸ் 2023 ஜூன் முதல் இப்படிக் கணக்கிடுகிறது: மொத்தம் பார்த்த மணி நேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுப்பது. இரண்டரை மணி நேரப் படத்தை எல்லோருமாகச் சேர்ந்து இரண்டரைக் கோடி மணி நேரம் பார்த்திருந்தால் ஒரு கோடி வியூஸ். இரண்டு பேர் பாதிப் பாதி பார்த்தாலும் ஒரு வியூதான். அதற்கு முன் மணி நேரத்தை மட்டும் சொன்னார்கள்; நீளமான தொடர்களுக்கு அது சாதகம். அதற்கும் முன், 2020-இல், இரண்டு நிமிடம் பார்த்தாலே ஒரு கணக்கு. ஆகவே 2020-இன் எண்ணையும் இன்றைய எண்ணையும் பக்கத்தில் வைத்து எழுதும் செய்தியை நம்பாதீர்கள்.

யூடியூபில் விளம்பரமாக ஓடும் டிரெய்லரை 'ஸ்கிப்' செய்யாமல் 30 வினாடி பார்த்தால் அதுவும் வியூவில் சேரும். ஒரு படப் பாடலை விளம்பரமாகப் பணம் கொடுத்து ஓட்டி '24 மணி நேரச் சாதனை' படைப்பது பெருகியதால், 2019 செப்டம்பரில் அந்தச் சாதனைக் கணக்கில் விளம்பர வியூக்களைச் சேர்ப்பதில்லை என்று யூடியூப் முடிவெடுத்தது. வீடியோவின் கீழே தெரியும் எண்ணில் அவை இன்னும் உண்டு. ஷார்ட்ஸில் 2025 மார்ச் 31 முதல் ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ. விரலால் தள்ளிவிட்டாலும் சேர்ந்துவிடும். டிரெய்லர் உண்மையில் பிடித்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் கருத்துகளில் படத்தின் குறிப்பிட்ட காட்சியை, வசனத்தைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று பாருங்கள்.

தமிழ்ப் படம் நான்கே வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகிறது. வடநாட்டு மல்டிபிளெக்ஸ்களில் அதன் ஹிந்திப் பதிப்பு ஓடுவதில்லை. தொடர்பு உண்டா?
– வாசகர், மும்பை

நேரடித் தொடர்பு. ஹிந்திப் பதிப்பைத் திரையிட அங்குள்ள பெரிய மல்டிபிளெக்ஸ் சங்கிலிகள் எட்டு வார இடைவெளி கேட்கின்றன. நான்கு வார ஒப்பந்தத்துக்கு ஓடிடி அதிகப் பணம் தருகிறது. தயாரிப்பாளர் ஓடிடிப் பணத்தைத்தான் முதலில் நம்புகிறார், ஏனெனில் அது படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரும். விளைவு, ஹிந்தியில் தனித்திரையரங்குகள் மட்டும். பிரான்ஸில் இதைத் தயாரிப்பாளரின் விருப்பத்துக்கே விடுவதில்லை; திரைத் துறையினர் உடன்பட்டு, அரசு ஆணையாக்கிய காலவரிசை உண்டு. நெட்பிளிக்ஸ் 15 மாதம் காத்திருக்க வேண்டும். பிரெஞ்சுப் படங்களில் அதிகம் முதலீடு செய்ய ஒப்புக்கொண்டதால் டிஸ்னிக்கு 2025 முதல் 9 மாதம். பணம் போட்டால் வரிசையில் முன்னால் வரலாம் என்ற அந்த ஏற்பாடு நம் சங்கங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டிய ஒன்று.

ஹாலிவுட் வேலைநிறுத்தத்தில் ஏஐ பற்றி என்னதான் வாங்கினார்கள்? நம் நடிகர், இயக்குநருக்கு அப்படி ஏதாவது பாதுகாப்பு உண்டா?
– உதவி இயக்குநர், சென்னை

எழுத்தாளர்கள் 2023 மே 2 முதல் 148 நாள், நடிகர்கள் ஜூலை 14 முதல் 118 நாள் நின்றார்கள். 1960-க்குப் பிறகு இரு சங்கங்களும் ஒரே சமயத்தில் நின்றது அதுதான் முதல் முறை. எழுத்தாளர்களுக்குக் கிடைத்தவை: ஏஐ எழுதியதை 'எழுத்துப் படைப்பு' என்று கருதக் கூடாது, ஆகவே அதைக் காட்டி எழுத்தாளரின் கிரெடிட்டையோ ஊதியத்தையோ குறைக்க முடியாது. ஏஐ பயன்படுத்துமாறு எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. நிறுவனம் கொடுக்கும் மூலத்தில் ஏஐ எழுதியது இருந்தால் சொல்லியாக வேண்டும். நடிகர்களுக்கு: அவர்களுடைய டிஜிட்டல் நகலைச் செய்ய ஒப்புதல் வேண்டும், அதற்கு ஊதியமும் வேண்டும், எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று தெளிவாக எழுத வேண்டும்.

இங்கே என்ன நிலை என்பதற்கு இரண்டு சம்பவங்கள் போதும். 2024 தொடக்கத்தில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது குரல்களை ஏ.ஆர்.ரஹ்மான் ஏஐ வழியாக ஒரு பாடலில் பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். அது அவருடைய நல்ல மனசு. சட்டம் கட்டாயப்படுத்தி நடந்ததல்ல. 2025 ஆகஸ்டில் 'ராஞ்சனா'வின் தமிழ்ப் பதிப்பான 'அம்பிகாபதி' ஏஐயால் மாற்றிய முடிவோடு மறுவெளியீடு ஆனது. நடித்த தனுஷும் இயக்கிய ஆனந்த் எல். ராயும் எதிர்த்தும் படம் ஓடியது.

காரணம், நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு திரைப்படத்தின் 'ஆசிரியர்' தயாரிப்பாளர் என்கிறது. படைப்பைச் சிதைக்காதே என்று கேட்கும் 57-ஆம் பிரிவின் உரிமை 'ஆசிரியருக்கு'. இயக்குநர் அந்தக் கதவைத் தட்டுவது கடினம். ஆகவே உங்களைப் போன்றவர்களுக்கு இப்போதைக்கு இருப்பது ஒப்பந்தத் தாள் மட்டுமே. கையெழுத்துக்கு முன் மூன்று வரிகள் சேர்க்கச் சொல்லுங்கள்: என் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் ஏஐயால் காட்சி, வசனம், முடிவை மாற்றக் கூடாது, என் எழுத்தையோ குரலையோ முகத்தையோ ஏஐ பயிற்சிக்குக் கொடுக்கக் கூடாது, உரிமையை வேறொருவருக்கு விற்றாலும் இந்த நிபந்தனைகள் வாங்குபவரையும் கட்டும். மூன்றாவது வரி இல்லாவிட்டால் முதல் இரண்டும் படம் கைமாறிய அன்றே வலுவிழந்துவிடும். 'இப்போதும், எதிர்காலத்தில் கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களிலும்' என்ற சொற்றொடர் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடுங்கள். ஏஐ நுழைவது அந்த வழியாகத்தான்.

பாடலாசிரியருக்கு ஒரு பாட்டுக்கு ஒரு தடவை கொடுக்கும் பணத்தோடு முடிந்ததா?
– வாசகர், தஞ்சாவூர்

பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு முடிவதில்லை. தியேட்டரில் படத்தோடு ஓடுவது நீங்கலாக, டிவி, வானொலி, ஆன்லைன், மேடை என எங்கே பயன்பட்டாலும் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி உண்டு. உரிமையை வாங்கியவரோடு சமமாகப் பகிர வேண்டும் என்றும், அந்த ராயல்டி உரிமையை எழுதி வாங்கினால் அந்த ஒப்பந்தப் பகுதி செல்லாது என்றும் சட்டமே சொல்கிறது. வசூலித்துத் தருவது ஐபிஆர்எஸ் என்ற பதிப்புரிமைச் சங்கம். உறுப்பினர் ஆவதோடு நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகப் பதிய வேண்டும்: பாட்டின் முதல் வரி, படத்தின் பெயர், ஆண்டு, இசையமைப்பாளர், ஆடியோ நிறுவனம், எத்தனை பேர் எழுதினார்கள், யாருக்கு எத்தனை பங்கு. பெயரை ஓரிடத்தில் இனிஷியலோடும் ஓரிடத்தில் புனைபெயரிலும் கொடுத்தால் பணம் உரிமையாளர் தெரியாமல் தேங்கிவிடும்.

வாட்ஸ்அப்பில் 'இப்போது நடந்த தாக்குதல்' என்று வரும் போர் வீடியோவை வீட்டிலிருந்தே எப்படிச் சரிபார்ப்பது?
– ஆசிரியை, யாழ்ப்பாணம்

முதலில் மேலே பாருங்கள். இரட்டை அம்புக்குறியோடு 'பலமுறை பகிரப்பட்டது' என்று இருந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. அனுப்பியவர் கண்ணால் கண்டது அல்ல.

அடுத்து வீடியோவை நிறுத்தி நிறுத்தி, தீப்பிழம்பு இல்லாத, ஒரு கட்டடமோ கடைப் பலகையோ தெரியும் காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நெருப்பும் புகையும் உலகெங்கும் ஒரே மாதிரி இருக்கும், தேடினால் எதுவும் அகப்படாது. மேலே ஒட்டிய எழுத்துகளை வெட்டிவிட்டுக் கூகுள் லென்ஸில் போடுங்கள். கிடைக்காவிட்டால் யாண்டெக்ஸில் போடுங்கள், சில இடங்களில் அது நன்றாகத் தேடும். வரும் முடிவுகளில் மிகப் பழைய தேதியைத் தேடுங்கள். போன வருடமே அதே காட்சி இருந்தால் வேலை முடிந்தது.

பிறகு சத்தம். ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். மூன்று கிலோமீட்டர் தள்ளி வெடித்தால் வெளிச்சம் உடனே தெரியும், சத்தம் வர ஒன்பது வினாடி ஆகும். தொலைவில் வெடிப்பது தெரிந்த அதே கணத்தில் 'டமார்' என்று கேட்டால் ஒலியைப் பிற்பாடு ஒட்டியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் அது வீடியோ கேம். 'ஆர்மா 3' என்ற விளையாட்டின் காட்சிகள் உக்ரைன் போரென்று அவ்வளவு பரவியதால் அதைத் தயாரித்த நிறுவனமே 2022 நவம்பரில் விளக்கம் வெளியிட்டது. வேண்டுமென்றே மங்கலாக்கிய படம், ஆடும் கேமரா, இருட்டு, மனித நடமாட்டமே இல்லாமை ஆகியவை அந்த ஏமாற்றின் அடையாளங்கள்.

நேரத்தையும் பாருங்கள். உக்ரைனும் இஸ்ரேலும் குளிர்காலத்தில் இலங்கை, இந்திய நேரத்தைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், கோடையில் இரண்டரை. உங்களுக்குக் காலை 7 மணிக்கு 'இப்போது நேரலை' என்று வரும் வீடியோவில் உச்சி வெயில் அடித்தால், அது இன்றையது அல்ல.

தலைவர் ஒருவர் பேசுவது போன்ற வீடியோ என்றால் தலையும் கழுத்தும் சேரும் இடத்தைக் கவனியுங்கள். 2022 மார்ச்சில் உக்ரைன் அதிபர் செலன்ஸ்கி சரணடையச் சொல்வதாக வந்த போலி வீடியோவில் தலை உடலோடு பொருந்தவில்லை, குரல் அவருடையதைவிடக் கனமாக இருந்தது. இன்றைய ஏஐ அதைவிட நன்றாகச் செய்யும். ஆகவே முகத்தை மட்டும் நம்பாமல், அதே பேச்சு அவருடைய அரசுப் பக்கத்திலும் இரண்டு செய்தி நிறுவனங்களிலும் முழுநீளத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். பத்து வினாடிக்குள் முடிந்து, பின்னால் உள்ள பலகை எழுத்துகள் எந்த மொழியிலும் சேராமல் குழம்பியிருந்தால் பெரும்பாலும் ஏஐ.

சரிபார்க்காமல் அனுப்பிவிட்டீர்களா? 'எல்லோருக்கும் நீக்கு' என்பதை வாட்ஸ்அப்பில் இரண்டு நாள் 12 மணி நேரம் வரை பயன்படுத்தலாம். நீக்கியபின் அதே குழுவில் ஒரு வரி எழுதுங்கள்: எந்த வீடியோ, உண்மையில் எந்த ஊர், எந்த ஆண்டு. வெறுமனே நீக்கினால், அதற்குள் பார்த்துவிட்டவர்கள் அதை உண்மையென்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.